பால்மரமும் பாலூட்டும் மீனும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு மரத்தைக் குறிப்பிடாமல் தொடங்குதல் அரிது. நூலோர் ரப்பர் என்றும், தோட்டத்து மக்கள் பால்மரம் என்றும் வழங்கும் அம்மரம் இந்நாட்டிற் பிறந்ததன்று. தென்னமெரிக்காவில் அமேசான் பேராறு பாயும் காட்டிலிருந்து கொணரப்பெற்றது. இதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், அதே பேராற்றின் நீரிலிருந்து, அம்மரம் வந்து நூறாண்டளவு கழித்து, மற்றோர் உயிரும் இந்நாட்டில் வந்து குடிபுகுந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை மீன் வளர்ப்பார் இல்லங்களில், கண்ணாடித் தொட்டிக்குள் வட்டத் தட்டுப்போல் அசைந்து நிற்கும் டிஸ்கஸ் மீனே அவ்வுயிர்.

மரம் பால் தருவது. அம்மீனும் தன் குஞ்சுகளுக்கு ஒருவகைப் பாலைத் தருவது. மரத்தை நம் முன்னோர் தோட்டத்தில் வளர்த்தனர்; மீனை நாம் வீட்டுக் கூடத்தில் வளர்க்கிறோம். இவ்விரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், ஓர் உயிரை அதன் பிறப்பிடத்தினின்று பெயர்த்து வந்து வளர்க்கும்போது மனிதன் பெறுவது யாது, இழப்பது யாது என்பது விளங்கும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பிடமும்

டிஸ்கஸ் என்பது பண்டைக் கிரேக்கர் விளையாட்டில் வீசிய வட்டத் தட்டின் பெயர். மீனின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கி, மேலும் கீழும் வளைந்து, வட்டமாய் அமைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. வட்டத்துக்கும் சக்கரத்துக்கும் திகிரி என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆதலின் திகிரி மீன் என்று வழங்கினும் பொருந்தும். எனினும், அப்பெயர் சொல்லிக் கடையிற் கேட்டால் மீன் கிடையாது. வழக்கே வலிது எனக் கொண்டு நாமும் டிஸ்கஸ் என்றே வழங்குவோம்.

இம்மீனை அறிவுலகுக்கு முதலில் அறிவித்தவர் வியன்னா அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஹெக்கல் என்பவர். அவர் இதனை உயிருடன் கண்டவர் அல்லர். 1817 முதல் 1835 வரை பதினெட்டாண்டு பிரேசில் நாட்டில் அலைந்து, பறவையும் விலங்கும் மீனும் தேடித் தொகுத்த நாட்டரர் என்னும் ஆஸ்திரியர் அனுப்பிய பொருள்களுள் இம்மீனும் ஒன்று. அதனை ஆராய்ந்து ஹெக்கல் 1840இல் பெயரிட்டார். அது பிடிபட்ட இடம், இன்று மனாஸ் எனப்படும் நகரத்தை அடுத்த ரியோ நீக்ரோ ஆறு. நீக்ரோ என்றால் கறுப்பு. காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி, கடுந்தேநீர் போன்ற நிறம் பெற்ற நீர் அவ்வாற்றில் ஓடுகிறது. அந்நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, புளிப்புத்தன்மை மிகுதி, வெப்பமும் சற்று மிகுதி.

பின்னர் 1904இல் பெலக்ரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் மற்றொரு வகையை விளக்கினார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட மீன்கள் தெபே, சந்தாரம் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவை. சந்தாரம் என்னும் ஊரை நாம் நினைவில் இருத்த வேண்டும். தப்பஜோஸ் ஆறு அமேசானில் வந்து கலக்கும் இடம் அது. பால்மரத்தின் கதையும் அவ்வூரை ஒட்டியே தொடங்குகின்றது.

மரம் வந்த வழி

1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி, இலண்டன் கியூ தோட்டத்திற் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை நூற்றுக்கு நான்களவே. கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22. அவற்றுள் 9 கன்றுகள் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வழி வந்த பழைய மரம் ஒன்று அவ்வூரில் இன்றும் நிற்கிறது.

நட்ட மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவராயிருந்த ரிட்லி 1890களில் செய்து காட்டினார். அதன் பிறகே தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகவே, தமிழகத்திலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். 1886இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர்–கிள்ளான் இருப்புப் பாதை, 1901இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹம் துறைமுகத்தோடு இணைந்து, தோட்டங்களின் ரப்பரைக் கப்பலுக்குக் கொண்டு சென்றது. அப்பாதையில் உழைத்த தமிழர் பலர் குடியிருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தன் பிறப்பிடத்தில் இம்மரத்தைத் தோட்டமாக வளர்க்க இயலவில்லை. 1928இல் அமெரிக்க மோட்டார் வணிகர் ஹென்றி போர்டு அதே தப்பஜோஸ் கரையில் பெருந்தோட்டம் அமைக்கத் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டவுடன் இலைக்கருகல் நோய் பற்றி, முயற்சி வீணாயிற்று. அந்நோய் கடல் கடந்து வராமையால் மலாயாவில் மரம் தழைத்தது. பிறந்த மண்ணிலே சிதறி வாழ்ந்த மரம், வந்த மண்ணிலே வரிசை வரிசையாய் நின்றது. மீனின் கதையிலும் இத்தகைய மாற்றத்தைக் காண்போம்.

கண்ணாடிக்குள் நீர்

நீர்வாழ் உயிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கம் மேலை நாட்டில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சிக் கூடம் திறக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் சென்னைக் கடற்கரை மீன்காட்சிச் சாலை 1909இல் எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. நமக்கு அண்மையில், சிங்கப்பூரில் வான் கிளீப் மீன்காட்சியகம் 1955இல் திறக்கப்பெற்றுப் பெரும்புகழ் எய்தியது. அக்கட்டடம் 1998இல் இடிக்கப்பட்டது.

காட்சிச் சாலையில் பிறந்த ஆசை இல்லத்துள் நுழைந்தது. 1920களிலும் 1930களிலும் டிஸ்கஸ் மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. நெடும்பயணத்தில் பல மாண்டன. பிழைத்தவையும் குளிர்நாட்டுக் கடின நீரில் வாடின. முட்டையிட்டாலும் குஞ்சு தங்கவில்லை. வளர்ப்போர் மற்ற மீன்களுக்குச் செய்வதுபோல், முட்டையைத் தாய் தின்றுவிடும் என அஞ்சிப் பெற்றோரைப் பிரித்து வைத்தனர். முட்டை பொரிந்தது, குஞ்சு நீந்தத் தொடங்கியது, எவ்வுணவையும் தொடாமல் இறந்தது. காரணம் விளங்காமல் பலர் கைவிட்டனர்.

மேனியிற் சுரக்கும் உணவு

காரணம் பெற்றோரின் உடம்பிலேயே இருந்தது. டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தையரின் மேனியில் மொய்த்து, தோலின்மேற் சுரக்கும் கொழுகொழுத்த நீர்மத்தைக் கொத்தித் தின்கின்றன. இந்த அரிய வளர்ப்பு முறையை ஹில்டமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1959இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மீன் பால் கொடுக்கிறது என்று மக்கள் வியந்தனர். உண்மையில் அது பாலன்று. மீனுக்கு மார்பும் இல்லை. ஆனால் செய்யும் தொழிலோ பாலின் தொழிலே.

பின்வந்த ஆய்வுகள் இதனை வலியுறுத்தின. நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், குஞ்சுடைய மீனின் தோல் நீர்மத்தையும் குஞ்சில்லாத மீனின் தோல் நீர்மத்தையும் ஒப்பிட்டு, அவற்றின் புரதங்கள் வேறுபடுவதை 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முட்டையிட்ட பிறகு அந்நீர்மத்தில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் மிகுவதைக் காட்டியது. முதல் இரு வாரங்கள் பெற்றோர் ஓயாது ஊட்டுகின்றனர். ஒருவர் களைத்தபோது உடலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துக் குஞ்சுகளை மற்றவரிடம் விடுகின்றனர். மூன்றாம் வாரம் முதல் குஞ்சைவிட்டு விலகி நீந்துகின்றனர். நான்காம் வாரத்தில் குஞ்சு தானே இரை தேடுகிறது. பால்குடி மறக்கச் செய்யும் தாயின் செயலுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? தந்தையும் ஊட்டுகிறான் என்பதொன்றே வேற்றுமை.

குஞ்சு பெற்றோரை எவ்வாறு கண்டுகொள்கிறது? குஞ்சு வளர்க்கும் பருவத்தில் பெற்றோரின் மேனி கறுக்கிறது. கருநிழலை நாடிச் செல்லும் இயல்பு குஞ்சுக்கு உண்டு. ஆகவே, உடலின் கறுப்பே குஞ்சுக்கு வழிகாட்டி. இச்சிறு செய்தியை மனத்திற் கொள்க, பின்னே வேண்டும்.

நிறம் பெற்ற கதை

1960களுக்குப் பிறகு அமெரிக்காவில் ஜாக் வாட்லியும், செர்மனியில் சுமிட்-போக்கே என்னும் மருத்துவரும் நல்ல நீலம் பாய்ந்த மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினர். இவ்வாறு பிறந்த நீலப்பச்சை வகைகள் ஆங்காங்கும் பாங்காக்கும் சிங்கப்பூரும் பினாங்கும் வந்தடைந்தன. வந்த இடத்தில் நிலைமை முற்றும் மாறியது.

ஏன்? செர்மானியர் நீரைச் சூடாக்கவும் மென்மையாக்கவும் கருவி தேட வேண்டும். இங்கோ அறையில் வைத்த நீரே ஏறத்தாழ மீன் விரும்பும் வெப்பத்தில் இருக்கும். மலையிலிருந்து வரும் நீரில் சுண்ணாம்பும் குறைவு. உயிருணவு எளிதிற் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலை எழுந்து தொட்டி தொட்டியாக நீர் மாற்றச் சலியாத சிறு பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. பினாங்குப் பண்ணைகளில் சீனக் குடும்பத்தார் பலர் இத்தொழிலில் ஈடுபட்டனர். ஒன்பது கோடுகள் இருக்க வேண்டிய உடலில் பதினான்கு நுண்கோடுகள் கொண்ட பாம்புத்தோல் வகை பினாங்கில் தோன்றி 1990களில் உலகெங்கும் பரவியது. பிறந்த ஆற்றினின்று பிடித்து விற்ற மீனைவிட, இப்பக்கத்துத் தொட்டியிற் பிறந்த மீனே பெருகிற்று. மரத்துக்கு நேர்ந்ததே மீனுக்கும் நேர்ந்தது.

இன்னும் ஓர் ஒற்றுமையுண்டு. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பால் மிகுதியாகச் சுரக்கும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக் கட்டிப் பரப்பியது. அங்கே தேர்வு பாலைக் கருதியது. மீன் பண்ணையிலோ தேர்வு நிறத்தைக் கருதியது. இவ்வேற்றுமையின் விளைவு பெரிது.

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் புறா இரத்தம் என்று பெயரிட்ட வகை தோன்றியது. வெளிர்மேனியில் செம்மையும் மஞ்சளும் ஒளிரும் அதன் அழகில் உலகமே மயங்கியது. இன்று கடைகளிற் காணும் செந்நிற, மஞ்சள்நிற மீன்களிற் பலவற்றின் குருதியில் அவ்வகை கலந்துள்ளது. ஆனால், அதன் மேனியில் கறுப்புத் திரண்டு பரவும் ஆற்றல் குன்றிவிட்டது. கறுக்காத பெற்றோரைக் குஞ்சு எங்ஙனம் அறியும்? தொட்டியின் மூலையிலுள்ள கருநிறக் குழாயையும் வடிகருவியையும் தாயென்று எண்ணி அவற்றை மொய்த்துப் பட்டினியால் மாள்வதுண்டு. இதனாலேயே பண்ணையார் தொட்டியின் சுற்றுப்புறத்தை வெண்மையாக்கி, பெற்றோர் சற்றே இருண்டு தோன்றச் செய்கின்றனர். அல்லது, செவிலித்தாய் போல் வேறு மீன்களிடம் குஞ்சை விடுகின்றனர். நிறத்தைத் தேடினோம், அது கிடைத்தது. குஞ்சுக்குத் தாயைக் காட்டிய கறுப்பு போயிற்று. தேர்வு செய்வோன் தேர்ந்தெடுத்ததை மட்டுமே காண்கிறான். தேர்வில் கழிந்ததைக் காண்பதில்லை.

இல்லத் தொட்டியிற் கூட்டு வாழ்வு

இவ்வரலாறு நம் வீட்டுத் தொட்டிக்கு என்ன பயன் தரும் எனின், பெரும்பயன் தரும். பல மீன்களை ஒரே தொட்டியில் சேர்த்து வளர்க்க விரும்புவோர், அழகை மட்டும் பார்த்து வாங்கிச் சேர்ப்பதால் இழப்பு நேர்கிறது. எம்மீன் எந்நீரிற் பிறந்தது என்று கேட்பதே முதற்பாடம். பொன்மீன் சீனத்தின் குளிர்நீருக்குரியது. டிஸ்கசோ 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தை வேண்டுவது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று வாடியே தீரும். செந்நீலம் ஒளிரும் கார்டினல் டெட்ரா ரியோ நீக்ரோவில் வாழ்வது. அறிவியற்பெயர் 1956இல் பெற்ற அச்சிறுமீன் டிஸ்கசோடு ஒரே வெப்பத்தில் இனிது வாழும். தேவதை மீன் அமேசானுக்கே உரியதாயினும், இரையைப் பாய்ந்து கவரும். டிஸ்கசுக்குத் தீங்கான நுண்ணுயிரையும் சுமந்து வரக்கூடும். ஆதலின் உறவினர் அனைவரும் ஒரு வீட்டிற் பொருந்துவர் என்று எண்ணலாகாது.

டிஸ்கஸ் கூட்டமாய் வாழும் மீன். ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் வலியது மெலியதை ஒடுக்கும், ஆறேனும் வேண்டும். ஆறு மீனுக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி தேவை. அது ஏறத்தாழ 250 லிட்டர் நீர் கொள்ளும். நீர் மட்டுமே கால் டன் எடை என்பதை அடுக்குமாடி வீட்டார் மறத்தலாகாது. உணவாக மாட்டின் இருதயத்தை அரைத்துக் கொடுப்பது மேலைநாட்டுப் பழக்கம். அதனை வீட்டினுள் கொள்ள விரும்பாதோர் வருந்த வேண்டுவதில்லை. மீனுக்கு வேண்டியது புரதமே. இறாலும் மீன்சதையும் அரைத்துக் கொடுத்தாலும் போதும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது நீர். குழாய்நீரிலுள்ள குளோரின் நமக்குக் காவல், மீனுக்கோ நஞ்சு. அதனை நீக்கிய பின்னரே தொட்டியில் விட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1998இல் வறட்சியால் நீர்ப் பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பரில் ரவாங்கை அடுத்த ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தமையால், நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. அத்தகைய நாளில் குடிநீருக்கே தவிக்கும் வீட்டில் மீனுக்கு நீர் மாற்றுவது எங்ஙனம்? ஆற்றைக் கெடுத்தால் தொட்டியும் கெடும். வீட்டுக்குள் இருக்கும் மீனும் வெளியே ஓடும் ஆற்றின் மீனே.

நம் ஆறுகளை மறவோம்

வளர்த்துச் சலித்தவர் மீனைக் கொல்ல மனமின்றி ஆற்றில் விடுவதுண்டு. அருளாற் செய்யும் இச்செயல் கொடுமையாய் முடிகிறது. தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்வதற்காக வாங்கும் தென்னமெரிக்கக் கெளிறு ஒன்றை மலாய் மக்கள் 'இக்கான் பண்டாராயா', அதாவது மாநகர் மீன் என்பர். அது கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் பெருகி, உள்நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் கவர்ந்துவிட்டது. தன்னார்வத் தொண்டர் அண்மை ஆண்டுகளில் வலைவீசி அதனை அகற்றி வருகின்றனர். மற்றோர் அமேசான் மீனாகிய மயில் பாஸ், பழைய ஈயக்குட்டைகளிற் குடியேறி, சிறுமீன்களை வேட்டையாடுகிறது. ஆகவே, வேண்டாத மீனை மற்றொரு வளர்ப்பாளரிடமோ கடையிடமோ ஒப்படைப்பதே அறம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரியோ நீக்ரோவின் கருநீரை வியந்து பேசும் நாம், நம் மாநிலத்துக் கருநீரை அறிவோமா? தஞ்சோங் காராங் நெல்வயல்களை அடுத்து விரிந்துள்ள வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டிலும் இலைச்சாறு ஊறிய கருநீரே தேங்குகிறது. அதில் பெட்டா லிவிடா என்னும் சிறு சண்டைமீன் வாழ்கிறது. அறிவுலகம் அதற்குப் பெயரிட்டதே 1992இல்தான். காட்டில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தமையாலும், வறட்சியில் பற்றிய தீயாலும் அதன் இருப்பிடம் சுருங்கி, இன்று அது அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. உலகின் மறுகோடியிலுள்ள மீனின் தாய்மையைப் போற்றும் கண், அண்டை வீட்டின் அழிவைக் காணாதிருக்கலாமா?

முடிவுரை

பால்மரத்தின் வரலாற்றில் விதை கொணர்ந்தவர் பெயர் உண்டு. பால் எடுக்கும் வழி கண்டவர் பெயர் உண்டு. விடியுமுன் விளக்கேந்திச் சென்று பால் வெட்டியோர் பெயர் இல்லை. டிஸ்கசின் வரலாற்றிலும் அஃதே. பெயரிட்ட ஹெக்கலை நூல் கூறும். இரவில் படகிற் சென்று மூழ்கிய மரக்கிளைகளினிடையே மீன் பிடித்துக் கொடுத்த அமேசான் கரையோரத்து ஏழையை நூல் கூறாது. தொட்டி தொட்டியாய் நீர் மாற்றிய பினாங்குப் பண்ணையாளையும் கூறாது.

தோட்டங்கள் போயின. எப்பிங்ஹம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாயிற்று. பால்மரம் நின்ற மண்ணில் எழுந்த வீடுகளில், பால் வெட்டியோரின் பேரப் பிள்ளைகள் இன்று டிஸ்கஸ் வளர்க்கின்றனர். தமிழாசிரியர்கள் வகுப்பில் ரப்பர்ப் பாடம் நடத்தும்போது இம்மீனையும் உடன் வைத்துக் காட்டுவாராக. ஓர் உயிரைப் பெயர்த்து வந்தவன் அதன் அழகுக்கு மட்டும் உரியவனல்லன். அதன் நீருக்கும், அதன் குஞ்சுக்கும், அது கலக்கக் கூடாத ஆற்றுக்கும் பொறுப்புடையவன். இந்த ஓர் உண்மையை மாணவர் உள்ளத்திற் பதித்தால், கண்ணாடித் தொட்டி வெறும் அழகுப் பொருளாய் நில்லாது. வரலாறு கற்பிக்கும் ஏடாய் விளங்கும்.